வீரையன் கொடுத்த பாதி

நெடுங்காவெளி மதகடியில் போலீஸ் வேன் நிற்பதைப் பஸ் ஜன்னல் வழியே பார்த்ததும் மீரா உசேன் தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். சும்மா நின்ற வேனாக இருந்தால்கூடத் தேவலை. அதன் நிழலில் துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இலை போட்டுச் சாப்பாடு என்றால் பொழுது சாயும்வரை கிளம்புகிற உத்தேசம் இல்லை என்று பொருள். அது யார் வீட்டுச் செலவு என்பதையும் உசேன் யோசித்துவிட்டான். நாகூர்க் கடைத்தெருவில் வளர்ந்தவனுக்குப் பயந்து நடுங்கும்போதும் அந்தப் புத்தி ஒரு பக்கம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

"ராஜாங்கம் வீட்டுச் சாப்பாடு," என்றாள் முன்சீட்டிலிருந்து திரும்பிய தங்கமணி. "அந்த அண்டாவைப் பாருங்க. எங்க தெருப் பொம்பளைங்க தேச்ச அண்டா. எனக்குத் தெரியாதா?"

"பேசாம திரும்பிப் போயிடலாமா?" என்றான் தியாகேசன். அவன் மடியில் மிருதங்கம் இருந்தது. கைக்குழந்தையைக் காற்றுப்படாமல் பொத்துகிறவன்போல் அதை இரண்டு கையாலும் பொத்தியிருந்தான்.

"போயி? பரீட்சையை பஸ்லயே உட்கார்ந்து எழுதிடுறீங்களா?" என்றாள் தங்கமணி.

மூவரும் தஞ்சாவூரில் ஒரே வகுப்பு. பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கிய படிப்பு அது. இசை, ஒலி, நாடகம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் என்று மந்திரி வந்து ரிப்பன் வெட்டி, அதுவரை ஒரு மின்விசிறியைக்கூடப் பகிர்ந்துகொள்ளாத மூன்று துறைகளை ஒரே கயிற்றில் கட்டிவிட்டுப் போனார். மூன்று துறை மாணவர்கள் சேர்ந்து ஒரு படைப்பைச் செய்ய வேண்டும். அதை அரங்கத்தில் அல்ல, ஓர் ஊரில் ஜனங்கள் நடுவே நிகழ்த்த வேண்டும். தேர்வாளர்கள் அங்கேயே வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். "ஒருவர் வேலையில் மற்றவர் கை நனைய வேண்டும்" என்று துறைத் தலைவர் வைரக்கண்ணு வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லுவார். நடப்பில், அவரவர் மூலையில் அவரவர் வேலையை முடித்துக்கொண்டு கடைசியில் பசை போட்டு ஒட்டுவதுதான் வழக்கமாக இருந்தது.

தங்கமணி நாடகம். நெடுங்காவெளிதான் அவள் ஊர். அங்கே கூலிக்காரர்கள் தெருவிலிருந்து பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் அவள். தியாகேசன் திருவாரூர்ப் பக்கத்துத் தவில்காரர் வீட்டுப் பிள்ளை, மிருதங்கத்துக்கு மாறியவன். உசேன் ஒலி. அவன் வாப்பா காதர் மைதீன் நாகூரில் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவர். காதுகுத்தானாலும் கட்சிக் கூட்டமானாலும் அவர் ஒலிபெருக்கிக் குழாய்தான் கத்தும். ஒரே குழாய் காலையில் சூரியனுக்கும் சாயங்காலம் இலைக்கும் கத்திய நாட்கள் உண்டு. "நமக்கு எந்தக் கட்சியும் இல்லடா," என்பார். "கரண்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்."

ராஜாங்கத்துக்கும் ஏறக்குறைய அதே கொள்கைதான். நெடுங்காவெளி மிராசுதார் அவர். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நிலத்தை மனைவி, மைத்துனன், சமையல்காரர், கும்பகோணத்தில் ஒரு பிள்ளையார் என்று பிரித்து எழுதிவைத்தார். ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் வேட்டியின் கரை மாறும், வரப்பு மாறாது. இந்தச் சம்பா அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டித் தர மாட்டேன் என்றார். தெருக்காரர்கள் அவர் வயலில் இறங்க மாட்டோம் என்றார்கள். அவர் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வந்தவர்களுக்குக் காவலாகத்தான் மதகடி வேன்.

தேர்வுக்கு அனுமதி வாங்கியது இந்தத் தகராறு முற்றுவதற்கு முன்பு. ஊரை மாற்றக் கேட்டபோது வைரக்கண்ணு, வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றார். அதற்குமேல் யார் பேச முடியும்?

ஆனால் உசேனின் பயத்துக்கு வேன் மட்டும் காரணமல்ல. அவன் பைக்குள் ஒரு டேப் இருந்தது.

மார்கழியில் ஒலிப்பதிவுக்காக மூவரும் இதே ஊருக்கு வந்திருந்தார்கள். தங்கமணியின் பெரியப்பா வீரையன் பறையடிப்பவர். மிராசு வீட்டுச் சாவுக்கு அடிப்பதைக் கூலிக்காரர் சங்கம் வந்த பிறகு விட்டுவிட்டார். தங்கள் தெருவின் நல்லது கெட்டதுக்கு மட்டும் எடுப்பார். வைக்கோலைக் கொளுத்திப் பறையைச் சூடு காட்டியபடி, கேட்டதையெல்லாம் அடித்துக் கொடுத்தார். கடைசியில் கேட்காத ஒன்றுக்கு அவர் கை தானாகப் போயிற்று. இரண்டு கனத்த அடி. ஒரு மௌனம். பிறகு ஒரு கூட்டமே மண்பாதையில் ஓடிவருவதுபோல் பொடிப்பொடியாக அடிகள். சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

உசேன் மெஷினை நிறுத்தவில்லை. அன்று பதிவானவற்றில் அதுதான் முதல் தரமான சரக்கு.

"மீதியையும் அடிங்க பெரியப்பா. மெஷின் ஓடிக்கிட்டிருக்கு."

"மீதி வேணாம் தம்பி."

"ஒரே ஒரு தடவை."

"பாதி குடுத்துட்டேன், வச்சுக்குங்க. பழகுறதுக்குன்னு பாதி அடிக்கலாம். முழுசா அடிச்சா அப்புறம் அது பழகுறதில்ல."

உசேன் விலை பேசிப் பழகியவன். எதிராளி இனி இறங்க மாட்டான் என்கிற இடம் முகத்தைப் பார்த்தாலே தெரியும். கிடைத்ததை எடுத்துக்கொண்டான். திரும்பும்போது தங்கமணிதான் அது என்னவென்று சொன்னாள்.

"கூலித் தகராறுல ஆளுங்களக் குடிசைக்குள்ள வச்சு எரிச்ச வருஷம் எனக்கு நாலு வயசு. அதுக்கப்புறம் சுத்துப்பட்டுத் தெருவெல்லாம் கூடிப் பேசி வச்சது. அந்த அடி கேட்டா ஆம்பளைங்க கையில இருக்கிறதோட களத்துக்கு ஓடியாரணும். பொம்பளைங்க புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு வெட்டவெளிக்கு வந்துடணும். குடிசைக்குள்ள மட்டும் போய் ஒளியக் கூடாது."

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

"ஒரு தடவை. அம்மா இடுப்புல இருந்தேன். அடி ஞாபகமில்ல. அம்மா ஓடுனதுதான் ஞாபகமிருக்கு."

"அப்ப நான் அந்தப் பாதியை நாடகத்துல வச்சா?"

அவள் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பெரியப்பாவே குடுத்துட்டாருல்ல. பாதிதானே."

நாடகம், வறண்ட ஊரிலிருந்து ஆற்றைத் தேடிப் போகிற ஒருத்தியின் கதை. கடைசியில் ஆறு வரும். ஆறு வருவதற்கு அந்த அடி அச்சாகப் பொருந்தியது. ஆனால் வீரையன் கொடுத்த பாதி கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகும். தங்கமணி மேடையைச் சுற்றி வரும்வரை ஓட வேண்டும். உசேன் அதைப் பிரதியெடுத்து, பிளேடால் நறுக்கி, வால் தலையைக் கவ்வும்படி ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினான். ஒட்டு இருக்கும் இடம் அவனுக்கே தெரியவில்லை. வைரக்கண்ணு கேட்டுவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒலிப்பதிவு அறைக்கு எப்போதும் வரிசை என்பதால் தங்கமணி வந்து கேட்க வாய்க்கவில்லை. உசேனுக்கு மனசாட்சி உறுத்தவும் இல்லை. மீதி என்றால் அது வேறே ஏதோ அடி, அவன் கேட்டறியாத ரகசியம் என்று நினைத்திருந்தான். கொடுத்த பாதியைத் தவிர ஒரு குண்டுமணி அளவுகூட அவன் தொடவில்லை. கொடுத்த பேச்சுக்கு நாணயமாகத்தான் நடந்திருந்தான். வேனைப் பார்த்த பிறகுதான் அந்த நாணயத்தின்மேல் அவனுக்கே சந்தேகம் வந்தது.

நெல்லடிக்கிற களத்தில்தான் மேடை. பம்புசெட்டிலிருந்து கரண்டு. உசேன் தென்னை மரத்தில் ஏறி வாப்பாவிடமிருந்து வாங்கிவந்த இரண்டு குழாய்களையும் கட்டினான்.

கீழேயிருந்து தியாகேசன் கேட்டான்: "ஜனங்க இங்க உட்காரப்போறாங்க. குழாய் ஏன்யா வயலைப் பார்க்குது?"

"குழாய்னா ஊரைத்தான் பார்க்கணும். எங்க கடையில அப்படித்தான் கட்டுவோம். எதிர்ல உட்கார்ந்திருக்கிறவனுக்கு எதுக்குக் குழாய்?"

தெரு முழுக்க வந்து உட்கார்ந்தது. தங்கமணி வேஷம் போடுவதைப் பார்க்க அவள் அத்தைமார்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு விமர்சனத்தை முன்கூட்டியே ஆரம்பித்திருந்தார்கள். ஆண்கள் பாதிப் பேர் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சின்ன விவசாயிகளின் அறுப்புக்குப் போயிருந்தார்கள். வீரையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். தேர்வாளர்கள் இருவருக்கும், வைரக்கண்ணுவுக்கும் வெளியூர்க்காரருக்கும், நாற்காலி.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்கு ஒரு அடி பின்னால் ராஜாங்கத்தின் கணக்குப்பிள்ளை சாமிதுரை, வெயில் தாழ்ந்த பிறகும் குடையோடு.

"நாடகத்துல கூலி கீலின்னு ஏதாவது வருதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆறுதான் சார் வருது," என்றான் உசேன்.

"எங்க வருது? அவனவன் தண்ணிக்குச் செத்துக்கிட்டிருக்கான்."

"கடைசி சீன்ல வந்துடும் சார்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கூட்டத்தை ஒரு முறை பார்த்தார். "இத பாரு தம்பி. உட்கார்ந்திருக்கிற கூட்டம் நாடகம் பார்க்கிற கூட்டம். எழுந்து மதகுப் பக்கம் ஒரு அடி வச்சாலும் அது வேற கூட்டம். எங்க ஆளுங்களுக்கு அப்படித்தான் சொல்லி வச்சிருக்கு."

அவர் மதகுக்குத் திரும்பினார். சாமிதுரை குடையை ஊன்றிக்கொண்டு களத்தின் விளிம்பிலேயே நின்றுவிட்டான்.

நாடகம் நன்றாகத்தான் போயிற்று. தங்கமணி வெடித்த வயலில் குழி தோண்டுவதாக நடித்தபோது, அத்தைமார்களில் ஒருத்தி, "வீட்டுல ஒரு நா இப்படிக் குனிஞ்சிருப்பாளா?" என்றாள். சிரிப்பு எழுந்தது. தியாகேசனின் மிருதங்கம் அவள் நடைக்குப் பின்னால் மெல்ல வந்தது. உசேனுக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆறு வரும் இடம் வந்ததும் பொத்தானை அழுத்தினான்.

இரண்டு கனத்த அடி. மௌனம். ஓடிவரும் பொடி அடிகள்.

வீரையன் முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தார். கோபமில்லை, தன் குரலை வேறொருவன் வாயில் கேட்டவரின் திகைப்பு. ஒட்டு கடந்தது. மறுபடி இரண்டு கனத்த அடி.

அவ்வளவுதான். சிரிப்பு அறுந்தது. யாரும் கத்தவில்லை, ஏனென்று கேட்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். மடியில் கிடந்த பிள்ளை யாருடையது என்று பார்க்காமல் கைக்கு எட்டியதைத் தூக்கிக்கொண்டார்கள். குடிசைகளுக்குள் இருந்த கிழங்களும் வெளியே வந்து களத்தை நோக்கி நடந்தன. இத்தனை பேர் இத்தனை சத்தமில்லாமல் எழுந்து உசேன் பார்த்ததே இல்லை. அந்த அமைதியில் டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது புரிந்தது. மீதி என்று வேறெதுவும் இல்லை. அதே பாதி இரண்டாம் முறை வந்தால் அதுதான் முழுசு. வீரையன் கொடுக்க மறுத்ததை அவன் பிளேடாலும் பசையாலும் தானே செய்து, மரத்தின்மேல் ஏறி, ஊர்களைப் பார்க்கத் திருப்பிக் கட்டியிருந்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரப்புகளில் ஆட்கள் தெரிந்தார்கள். அறுப்பில் இருந்தவர்கள். கையில் இருந்ததோடு வர வேண்டும் என்பது பேச்சு. கையில் இருந்தவை அரிவாள்கள். சேறும் ஆகாயத்தாமரையுமாய்க் கிடந்த ஆற்றைத் தாண்ட ஒரே வழி மதகு. மதகில் துப்பாக்கிக்காரர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உசேன் பாய்ந்து பொத்தானைத் தட்டினான். அடி நின்றது.

வரப்பில் வந்தவர்கள் நடையை விட்டு ஓடத் தொடங்கினார்கள்.

"ஏன்யா நிறுத்தினே?" வீரையன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். மரியாதையெல்லாம் போய்விட்டது. "பாதியில நின்னா அடிச்சவன் செத்துட்டான்னு அர்த்தம். அப்படித்தான் பேசி வச்சிருக்கு."

"நீங்க அடிச்சு நிறுத்தச் சொல்லுங்க பெரியப்பா. கலையச் சொல்லி ஒரு அடி இருக்குமே."

"பறை வீட்டுல கிடக்கு. அதைத் தூக்கிக்கிட்டு நான் தெருவுல வந்தேன்னா முதல் குண்டு யாருக்கு?"

சாமிதுரை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். உசேன் அவர் கையைத் தோளிலிருந்து விலக்கினான். மைக்கைக் கையில் எடுத்தான். என்ன சொல்வது? ஓடாதீர்கள் என்றால் யார் இவன் என்பார்கள். ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லை என்று சொல்ல வைத்திருக்கிறார்கள் என்பார்கள். தெரியாத குரலுக்கு இந்த நேரத்தில் எந்த விலையும் கிடையாது. இந்தச் சீமையில் எல்லாருக்கும் தெரிந்த குரல், எந்தக் கட்சியும் ஒட்டாத குரல், ஒன்றே ஒன்றுதான் உண்டு. அவன் வாயிலிருந்து வாப்பாவின் குரல் வந்தது.

"ஹலோ. ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ. மைக் டெஸ்டிங். உங்கள் அபிமான ரேடியோ செட், நாகூர். ஹலோ."

ஓட்டம் ஒரு கணம் தடுமாறியது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் முன்னால் இந்தப் பேச்சைக் கேட்காத காது அந்தப் பக்கத்தில் கிடையாது. இது கேட்டால் இன்னும் எதுவும் ஆரம்பிக்கவில்லை என்று பொருள்.

"இப்ப கேட்டது ஆள் அடிச்சதில்ல. டேப்பு. நாடகத்துக்குப் போட்ட டேப்பு. மெஷின்தான். இப்ப பாருங்க."

மறுபடி பொத்தானை அழுத்தி, சுழலும் சக்கரத்தின்மேல் விரலை வைத்து அமுக்கினான். குழாயில் பறை தன் உருவம் இழந்தது. கனத்த அடி இழுபட்டு, வயிறு உப்பிய எருமை முனகுவதுபோல் தேய்ந்தது. விரலை எடுத்தான், பொடி அடிகள் கீச்சென்று ஏறின. மறுபடி அமுக்கினான். ஒலித்துறையில் இரண்டு வருஷம் படித்த படிப்பு முழுவதும் ஒலியை இப்படிக் கெடுக்காமல் இருப்பதற்குத்தான். இப்போது எவ்வளவு கேவலமாகக் கெடுக்க முடியுமோ அவ்வளவு கெடுத்தான். எந்த மனுஷன் கையும் அப்படி அடிக்காது. அது சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கேட்க வேண்டும்.

மேடையில் சிலையாக நின்றிருந்த தங்கமணி அப்போதுதான் அசைந்தாள். நடுக்களத்துக்கு வந்து, வேஷத்தோடு, மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, உட்காருங்க," என்றாள். பக்கத்து மண்ணைத் தட்டிக் காட்டினாள். "எல்லாரும் உட்காருங்க. சின்னாயி, நீயும். நின்னா சுடுவானுங்க. எனக்காக உட்காருங்களேன்."

ஒருத்தி உட்கார்ந்தாள். பிறகு ஒருத்தி. பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமலே வரிசையாக உட்கார்ந்தார்கள். எருமை முனகுவதைக் கேட்டு எங்கோ ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. மதகுக்கு அந்தப் பக்கம் ஓடிவந்தவர்கள், மூச்சிரைக்க, துப்பாக்கிகளுக்குக் கல்லெறி தூரத்தில் நின்றார்கள். அரிவாள்களை மெல்ல இடுப்புத் துண்டில் சொருகினார்கள். உசேன் சக்கரத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. விரல் தோல் உரிந்து எரிந்தது பிறகுதான் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் களத்துக்கு வந்தபோது சட்டையெல்லாம் வேர்வை. பயந்தது தான் மட்டுமல்ல என்று உசேனுக்கு அப்போது தெரிந்தது.

"யாருய்யா அடிச்சது?"

"மெஷின் சார். நான்தான் ஒட்டி ஓட்டினேன்."

"மெஷினுக்குக் கையா இருக்கு? முதல்ல ஒருத்தன் அடிச்சிருப்பான்ல. அவன் யாரு?" அவர் கண் கூட்டத்தில் துழாவியது. சாமிதுரை குடை நுனியை லேசாக உயர்த்தினான். அது வீரையன் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"நான் சார்."

எல்லாரும் திரும்பினார்கள். தியாகேசன். மிருதங்கம் இன்னும் மடியிலேயே.

"நீயா? எங்க, அடி."

"இதுல அந்தச் சத்தம் வராது சார்."

"வர்றது வரட்டும். அடி."

தியாகேசன் அந்த அடியை டேப்பில் பல முறை கேட்டுச் சொற்கட்டு எழுதிவைத்திருந்தான். தேர்வுக்கு அது பாதி மதிப்பெண். கனத்த அடி இரண்டும் இடக்கையில், மௌனம், பிறகு விரல்கள் ஓடின. ஒட்டு வரும் இடத்தில் நிறுத்தினான். உள்ளங்கையைத் தோலின்மேல் வைத்து அமுக்கினான்.

"மேல?"

"அவ்வளவுதான் சார். மீதி மெஷின் பண்ணது."

இன்ஸ்பெக்டர் அவனையும் தேர்வாளர்களின் நாற்காலியையும் பார்த்தார். பல்கலைக்கழகத்துப் பையன்மேல் கை வைத்தால் மந்திரிவரை போகும் என்று கணக்குப் போடுவது உசேனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. "மூட்டையைக் கட்டுங்க. இருட்டுறதுக்குள்ள ஒருத்தனும் இங்க இருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உசேன் குழாயை அவிழ்க்க மரத்துப் பக்கம் நடந்தான். பாதி வழியில் நின்றான். சாமிதுரை போகவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். அதன் கைப்பிடியில் அவன் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. இரண்டு கனத்த தட்டு. மௌனம். பொடித் தட்டுகள். ஒரு முறை பிசகியது. தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி தட்டிப்பார்த்தான். இந்த முறை பிசகவில்லை. பிறகு நிதானமாக வரப்பில் இறங்கி மிராசு வீட்டுப் பக்கம் நடந்தான்.

வீரையனும் அதைப் பார்த்திருந்தார்.

"பெரியப்பா," என்றான் உசேன். அவன் பார்வை வரப்பில் போகிற குடையின்மேல் இருந்தது.

"உசுரு போகல. அது போதும்." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆனா இனிமே இது செல்லாது தம்பி. அவன் அடிச்சும் கூப்பிடலாம். நாங்க அடிச்சாலும், செட்டுக்காரன் டேப்புப் போடுறான்னு வீட்டுலயே உட்கார்ந்திருப்பாங்க."

தேர்வாளர்கள் கார் ஏறும்போது வெளியூர்க்காரர் உசேனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பார்வையாளர்கள் இவ்வளவு முழுமையாகப் பங்கேற்ற நிகழ்வைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்றார். எழுந்ததும் உட்கார்ந்ததும் எத்தனை நாள் ஒத்திகை என்று கேட்டார். வைரக்கண்ணு அவசரமாகக் கார்க் கதவைச் சாத்தினார். மூவருக்கும் முதல் வகுப்பு வந்தது. அந்த டேப்பையும் மார்கழியில் எடுத்த மூலத்தையும் உசேன் துணுக்குத் துணுக்காக நறுக்கி எரித்தான். எரிக்கும்போது அது எந்தச் சத்தமும் போடவில்லை.

பங்குனியில் தங்கமணி ஊருக்குப் போய்விட்டு வந்தாள். பல்கலைக்கழகக் கேண்டீனில் மூவரும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். கூலித் தகராறு இன்னும் தீரவில்லை. வேன் போய்விட்டது, லாரி போகவில்லை.

"புதுசா ஒண்ணு பேசி வச்சிருக்காங்க," என்றாள். "பழைய அடியை விட்டாச்சு."

"எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று உசேன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"தெரியாது."

"எங்களுக்குச் சொல்ல வேணாம். நீங்க..."

"எனக்கே சொல்லல உசேன். பெரியப்பாகிட்ட கேட்டேன். நீ படிச்ச புள்ள, நாலு பேரோட பழகுற, உனக்கு எதுக்கும்மான்னு தலையைத் தடவிவிட்டாரு. அத்தைங்ககிட்ட கேட்டா பேச்சை மாத்துறாங்க. அவங்க பறையில அடிக்கிறாங்களா, கொம்புல ஊதுறாங்களா, தவலையில தட்டுறாங்களா, அதுகூடத் தெரியாது."

பின்கட்டில் யாரோ எச்சில் தட்டுகளைத் தொட்டியில் போட்டார்கள். இரண்டு தட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, பொலபொலவென்று மீதி. தியாகேசனின் கையிலிருந்த டீ தளும்பியது. தங்கமணி பாதி எழுந்து நின்றிருந்தாள். கை தன்னையறியாமல் பக்கத்தில் எதையோ தூக்கிக்கொள்ளத் துழாவியது.

மெல்ல உட்கார்ந்தாள்.

"மூணு நா இருந்தேன் ஊர்ல," என்றாள். "நெல்லு குத்துனா முழிப்பு. நாய் தகரத்தைத் தள்ளுனா முழிப்பு. பக்கத்துல அம்மா தூங்குறாங்க. அவங்களுக்குத் தெரியும், எது கேட்டா ஓடணும்னு. நான் மட்டும் எல்லாத்துக்கும் எழுந்து உட்கார்ந்துக்கிட்டு, அம்மா எழுந்திரிக்கிறாங்களா, இல்லையான்னு அவங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தேன்."